வீரரின் காயமும் தெய்வ நம்பிக்கையும்

நோயும் காயமும் மனிதர் எல்லோருக்கும் வருவனவே. ஆயினும், உடலையே கருவியாகவும் உடைமையாகவும் கொண்டு வாழும் விளையாட்டு வீரருக்கு நேரும் காயம் தனித்தன்மை வாய்ந்தது. அலுவலகத்தில் எழுதும் பணி செய்பவர் ஒருவருக்குக் கால் முறிந்தால், அவர் சில வாரங்கள் விடுப்பு எடுத்துப் பின்பு தம் மேசைக்குத் திரும்பிவிடுவார். அவருடைய எழுத்தும் அறிவும் முன்போலவே இருக்கும். ஓட்ட வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தாலோ, முறிவது எலும்பு மட்டும் அன்று. ‘இனி நான் யார்?’ என்ற வினாவும் அவருள் எழுந்து நிற்கிறது. அந்த வினாவுக்கு மருத்துவ நூல் விடை சொல்வதில்லை. ஆகவேதான், பண்டைக் காலம் தொட்டு இன்றுவரை காயமுற்ற வீரர்கள் மருத்துவரை நாடியதோடு தெய்வத்தையும் நாடி வந்திருக்கிறார்கள்.

இப்பொருளைப் பற்றி நாம் சிந்திக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தில்லியில் நாம் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பில், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் வாழ்ந்து வருகிறார். அவருடைய மகன் கல்லூரிக் கபடிக் குழுவில் ஆடுபவன். சென்ற ஆண்டு ஆட்டத்தின்போது அவனுடைய முழங்காலில் உள்ள தசைநார் அறுந்துபோயிற்று. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அந்த அம்மையார் நம் வீட்டுக்கு வந்தார். “ஐயா, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்கள் ஆயிற்றே. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார். அறுவைச் சிகிச்சை, பயிற்சி, ஏறத்தாழ ஒன்பது மாத ஓய்வு என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இவன் மறுபடியும் விளையாடுவானா?” என்று அவர் வினவினார். அறிக்கையில் அதற்கு விடை இல்லை. அப்போது உடன் வந்திருந்த உறவினர் ஒருவர், “எல்லாம் முன்செய்த வினை; எங்கேயோ ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது” என்றார். கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் அமர்ந்திருந்த இளைஞன் தலை குனிந்துகொண்டான்.

அவன் தலை குனிந்த காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. தெய்வ நம்பிக்கை காயமுற்றவனைத் தூக்கி நிறுத்துவதற்கா, தலை குனியச் செய்வதற்கா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். விடை தேடி வரலாற்றைப் புரட்டினால், இரண்டுமே நிகழ்ந்திருக்கக் காண்கிறோம். அவற்றுட் சிலவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

முதலில் கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். விளையாட்டுப் போட்டியைச் சமய விழாவாகவே நடத்திய மக்கள் கிரேக்கர். ஒலிம்பியாவில் நடந்த பந்தயம் சீயஸ் என்னும் தெய்வத்துக்கு எடுத்த விழா. அவர்களுடைய மருத்துவக் கடவுளின் பெயர் அஸ்க்லேப்பியஸ். பெலப்பனீசியத் தீபகற்பத்தில் எப்பிடோரஸ் என்னும் ஊருக்கு அருகே அவருடைய பெருங்கோயில் இருந்தது. கோயிலைச் சார்ந்து ஓட்டக்களம் ஒன்றும் அமைந்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தெய்வத்தின் பெயரால் அங்கே போட்டிகளும் நடைபெற்றன. நோயைத் தீர்க்கும் இடமும் ஓடிக் களிக்கும் இடமும் ஒரே வளாகத்தில் இருந்தன என்பது கருதத்தக்கது.

நோயுற்றவர்கள் நீராடித் தூய்மை பெற்று, வழிபாடு முடித்து, அபாடன் என்னும் மண்டபத்தில் இரவு துயில்வர். கனவில் தெய்வம் தோன்றி நோயைத் தீர்க்கும் என்பது நம்பிக்கை. அவ்வாறு குணமடைந்தோரின் வரலாறுகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கற்பலகைகளில் பொறித்து வைத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியாஸ் என்னும் பயணி, தம் காலத்தில் ஆறு பலகைகள் எஞ்சியிருந்தன என்று எழுதியிருக்கிறார். 1881ஆம் ஆண்டில் கவ்வாடியாஸ் என்னும் கிரேக்க அறிஞர் தொடங்கிய அகழ்வாய்வில் அவற்றுட் சில வெளிப்பட்டன. ஏறத்தாழ 70 நிகழ்ச்சிகளை இன்று நாம் அவற்றிலிருந்து அறிகிறோம்.

அவற்றுள் ஒன்று ஹகெஸ்ட்ராட்டஸ் என்பவனைப் பற்றியது. தலைவலியால் உறக்கமின்றி வாடிய அவன் கோயில் மண்டபத்தில் வந்து படுத்தான், கண்ணயர்ந்தான், கனவு கண்டான். கனவில் தெய்வம் அவனுடைய தலைவலியைப் போக்கிற்று. அவ்வளவோடு நிற்கவில்லை. அவனை எழுப்பி நிறுத்தி, பங்கிராட்டியம் என்னும் போட்டியில் எதிரியின்மேல் பாயும் முறையையும் கற்றுக் கொடுத்தது. பங்கிராட்டியம் என்பது மல்லும் குத்தும் கலந்த கடுமையான போர். பொழுது விடிந்ததும் அவன் நலமாகப் புறப்பட்டான். நெடுநாள் செல்லுமுன்பே நெமியாவில் நடந்த போட்டியில் அதே ஆட்டத்தில் வெற்றியும் பெற்றான் என்று கல்வெட்டு முடிகிறது.

இதனைப் படிப்போர் சிலர் நகைக்கலாம். தெய்வத்துக்கு மற்போர் ஆசிரியர் வேலை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் வீரனின் உள்ளத்தை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். அவனுக்கு வலி தீர்ந்தால் மட்டும் போதாது. களத்துக்குத் திரும்ப வேண்டும். அவனுடைய வேண்டுதலின் முழுப் பொருளையும் அக்கல்வெட்டை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். நோயாளியாகக் கோயிலுக்குள் வந்தவனை மாணவனாக வெளியே அனுப்புகிறது அக்கதை. இது நம்பிக்கை செய்யும் முதற்பணி. ‘உன் கதை இங்கே முடியவில்லை’ என்று அது வீரனுக்குச் சொல்கிறது.

குணமடைந்தோர் காணிக்கை செலுத்துவதும் உண்டு. கொரிந்து நகரத்து அஸ்க்லேப்பியஸ் கோயிலை அகழ்ந்தபோது, சுடுமண்ணால் செய்த கைகளும் கால்களும் ஏராளமாகக் கிடைத்தன. நம் நாட்டு மாரியம்மன் கோயில்களிலும் வேளாங்கண்ணி மாதா ஆலயத்திலும் கண், கை, கால் வடிவில் வெள்ளித் தகடுகளைச் செலுத்துவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. நலம் பெற்ற உறுப்பைத் தன்னுடையது என்று மட்டும் எண்ணாமல், திரும்பக் கிடைத்த கொடை என்று எண்ணும் மனப்பான்மை உலகெங்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அதே எப்பிடோரஸ் பலகைகளில் மற்றொரு கதையும் உண்டு. கெப்பிசியாஸ் என்பவன், ‘முடவரை நடக்கச் செய்கிறேன் என்று இத்தெய்வம் சொல்வது பொய், அது மெய்யானால் ஹெப்பஸ்டஸ் என்னும் தேவனுடைய முடத்தை ஏன் தீர்க்கவில்லை?’ என்று எள்ளி நகையாடினானாம். பின்பு அவன் ஏறிச் சென்ற குதிரையே அவனைத் தாக்கிற்று, பாதம் சிதைந்தது. கட்டிலில் கிடத்திக் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். அவன் பலமுறை மன்றாடிய பின்பு தெய்வம் அவனைக் குணப்படுத்திற்று. இக்கதையில் காயம் என்பது தண்டனை; குணம் என்பது மன்னிப்பு. நம் குடியிருப்பில் ‘முன்செய்த வினை’ என்ற அந்த உறவினரின் வாக்குக்கும் இதற்கும் இடையே 2300 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. கருத்து மட்டும் மாறவில்லை. அடிபட்டவனை நோக்கி ‘நீ என்ன பிழை செய்தாய்?’ என்று கேட்பது மனித இயல்பின் பழைய குறைகளுள் ஒன்று.

ஆயினும் அக்கோயில் மரபு கனவோடு நின்றுவிடவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எப்பிடோரஸுக்கு வந்த அப்பெல்லாஸ் என்பவர், தெய்வம் தமக்கு இட்ட கட்டளைகளைக் கல்லில் பொறித்து வைத்தார். என்ன உண்ண வேண்டும், வெறுங்காலோடு எங்கே நடக்க வேண்டும், ஓட்டப் பயிற்சியை எவ்வாறு மேற்கொள்ள வேண்டும், பிறர் உதவியின்றி எவ்வாறு நீராட வேண்டும் என்பன போன்ற விவரங்கள் அதில் உள்ளன. இன்றைய உடலியக்க மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பயிற்சித் தாளை அது நமக்கு நினைவூட்டுகிறது. நம்பிக்கை செய்யும் இரண்டாம் பணியை இங்கே காண்கிறோம். காத்திருக்கும் நாட்களுக்கு அது ஓர் ஒழுங்கைத் தருகிறது. காயமுற்றவனுக்கு மிகக் கொடியது வலி அன்று. வெறுமையாகக் கழியும் பொழுதே. இன்ன நேரத்தில் இன்னது செய் என்ற கட்டளை அந்த வெறுமையை நிரப்புகிறது.

இதே காலத்தில் பெர்கமம் நகரில் பிறந்தவர் கேலன் என்னும் பெரும் மருத்துவர். அவருடைய தந்தை கண்ட கனவே அவரை மருத்துவம் பயிலத் தூண்டிற்று. தம்மை அஸ்க்லேப்பியஸின் தொண்டர் என்று அவர் கூறிக்கொண்டார். கி.பி. 157ஆம் ஆண்டில், வாட்போர் புரியும் அடிமை வீரர்களுக்கு மருத்துவராக அமர்ந்து, மது நனைத்த துணியால் புண்களைக் கட்டி ஆற்றினார். தம் 35ஆம் வயதில் மற்பயிற்சிக் களத்தில் அவருக்கே தோள் எலும்பின் மூட்டு விலகிற்று. இறுகக் கட்டிய கட்டோடு 40 நாள் இரவு பகலாகப் பொறுத்திருந்து தம்மைத் தாமே குணப்படுத்திக்கொண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். தெய்வத்தின் தொண்டராகத் தம்மைக் கருதிய அவர் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கோயிலில் போய்ப் படுக்கவில்லை. அவரிடத்தில் பக்தியும் மருத்துவமும் பகையாக இருந்ததில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மற்போர் இங்கும் தொன்றுதொட்டு வருவது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மல்லர்களின் வகைகளையும் உணவையும் பயிற்சியையும் விவரிக்கிறது. வடநாட்டு நகரங்களில் இன்றும் விடியற்காலையில் அக்காடா எனப்படும் மற்களங்களைக் காணலாம். களத்தின் ஓரத்தில் அனுமனுக்கு ஒரு சிறு சந்நிதி இருக்கும். பயில்வான்கள் வணங்கிய பின்பே களத்தில் இறங்குவர். களத்து மண்ணில் எண்ணெய், மஞ்சள், மோர் முதலியவற்றைக் கலந்து பதப்படுத்துவர். அம்மண் உடலை வளர்ப்பது, காயத்தை ஆற்றுவது என்று நம்புவர். முசல்மான் பயில்வான்கள் அலியாரின் பெயரைச் சொல்லிக் களம் புகுவர். அழைக்கும் பெயர் வேறாயினும் மண் ஒன்றே; விழுந்து எழும் முறையும் ஒன்றே.

மல்லர்களின் தெய்வமாக அனுமன் அமைந்ததற்கு அவனுடைய வலிமையே காரணம் என்று பொதுவாகச் சொல்வர். அதனினும் ஆழ்ந்த பொருத்தம் ஒன்று உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. வால்மீகி இராமாயணத்தின்படி, குழந்தைப் பருவத்தில் சூரியனைக் கனி என்று எண்ணிப் பாய்ந்தபோது, இந்திரனுடைய வச்சிராயுதம் அனுமனைத் தாக்கிற்று. அவன் மலைமேல் விழுந்தான். இடப்பக்கத் தாடை முறிந்தது. ‘ஹனு’ என்னும் வடசொல்லுக்குத் தாடை என்பது பொருள். அம்முறிவினாலேயே அனுமன் என்ற பெயர் வந்தது என்று சாம்பவான் உரைக்கிறான். தன் காயத்தையே பெயராகத் தாங்கிய தெய்வம் அனுமன். கால் முறிந்த பயில்வான் கைகூப்பி நிற்பது, அடியே படாத ஒரு தெய்வத்தின் முன் அன்று. தன்னைப்போல் விழுந்து முறிந்து எழுந்த ஒருவனின் முன்பாகும். மேலும், கடலைத் தாண்ட வேண்டிய வேளையில் அனுமன் தன் ஆற்றலை எண்ணாது வாளா இருந்தான். சாம்பவான் எடுத்துரைத்த பின்னரே அவன் பேருருக் கொண்டான். காயத்தால் தன்னை மறந்த வீரனுக்கு, ‘நீ இன்னான்’ என்று நினைவூட்டும் ஒரு மூத்தோன் வேண்டும். இதிகாசம் இவ்வுண்மையை நன்கு அறிந்திருக்கிறது.

மல்லர்களே மருத்துவர்களாகவும் விளங்கியது நம் நாட்டுச் சிறப்பு. மைசூர் தசராவில் வஜ்ரமுஷ்டிப் போர் செய்யும் ஜெட்டி மரபினர் பெயர் பெற்ற மல்லர்கள். முதல் துளிக் குருதி சிந்தியதும் அப்போர் நின்றுவிடும். 1909ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், தெலுங்கு மாவட்டங்களில் இவர்கள் உடம்பு பிடித்துவிட்டும் தைலம் தேய்த்தும் நரம்பு வலிகளைப் போக்குவதை எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். தஞ்சையிலும் இம்மரபினர் வாழ்ந்ததை அவர் எழுதியிருக்கிறார். வடநாட்டிலும் ஐதராபாத்திலும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை இன்றும் ‘பயில்வான்’ என்றே அழைக்கும் வழக்கம் உண்டு. கிரேக்க நாட்டிலும் இதற்கு இணை உண்டு. கி.மு. 480, 476 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பியாவில் வென்ற தாசோஸ் தீவு வீரன் தியாகனிஸின் சிலை நோய்களைத் தீர்த்ததாகப் பௌசானியாஸ் எழுதினார். அங்கே சிலை ஆற்றியதாக நம்பியதை, இங்கே உயிருள்ள கைகள் செய்தன.

ஆனால் நம் மற்களத்திலும் அந்தப் பழைய குறை இல்லாமல் இல்லை. பிரமசரியமும் ஒழுக்கமும் வலிமைக்கு அடிப்படை என்பது அங்கே வழங்கும் கொள்கை. இளைஞனை நெறிப்படுத்துவதற்கு அது உதவுகிறது. எனினும், ஒருவன் தோற்றாலோ தசை கிழிந்தாலோ, ‘இவன் ஒழுக்கம் தவறியிருப்பான்’ என்ற ஐயமும் உடன் எழுகிறது. தசை கிழிந்ததற்குக் களைப்போ, தவறான பிடியோ, ஈரம் மிகுந்த மண்ணோ காரணமாக இருக்கலாம். அவற்றை ஆராயாமல் ஒழுக்கத்தை ஆராயும்போது காயம் இரண்டாகிவிடுகிறது.

இனி, சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த இருவரைப் பார்ப்போம். ஒருவர் கிளென் கன்னிங்ஹாம். 1917ஆம் ஆண்டில் கான்சஸ் மாநிலத்தில், அவர் சிறுவராகப் பயின்ற பள்ளிக்கூடத்தில், மண்ணெண்ணெய்க் கலத்தில் தவறாகப் பெட்ரோல் இருந்ததால் அடுப்பு வெடித்துத் தீப்பற்றிற்று. அவருடைய அண்ணன் இறந்தார். கிளென்னின் கால்கள் கருகின. இடது காலின் விரல்கள் போயின. கால்களை வெட்டிவிட மருத்துவர் கருதியபோது பெற்றோர் இசையவில்லை. நாள்தோறும் கால்களைப் பிடித்துவிட்டார்கள். நெடுநாள் சென்று நடந்த அச்சிறுவர், 1934ஆம் ஆண்டில் ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனை நிகழ்த்தினார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். விவிலியத்தில் ஏசாயாவின் நூலில், இறைவனுக்காகக் காத்திருத்தலையும் களைப்பின்றி ஓடுதலையும் இணைத்துப் பேசும் பகுதி அவருக்கு மிக விருப்பமானது. அப்பகுதியில் ஓட்டத்துக்கு முன்னே காத்திருத்தல் வருகிறது. வடுப்பட்ட கால்களை உடைய அவர், ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் மற்றவர்களைவிட நெடுநேரம் உடலைப் பதப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய காயம் அவரை விட்டு நீங்கவில்லை. அதனோடு வாழ அவர் கற்றுக்கொண்டார்.

மற்றொருவர் வில்மா ருடால்ப். 1940ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தில், எளிய கறுப்பினக் குடும்பத்தில், 22 பிள்ளைகளுள் 20ஆவது குழந்தையாகப் பிறந்தவர். இளமையிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி இடது கால் செயலிழந்தது. இன ஒதுக்கல் நிலவிய காலம் அது. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் நகரில் இருந்தது. பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, தாயார் வாரந்தோறும் மகளை அங்கே அழைத்துச் சென்றார். வீட்டில் தாயாரும் உடன்பிறந்தோரும் முறைவைத்து நாளைக்கு நான்கு முறை காலைப் பிடித்துவிட்டனர். ஆழ்ந்த சமயப் பற்றுடைய குடும்பம் அது. இரும்புப் பட்டையின்றி வில்மா ஊரார் முன் முதன்முதலில் நடந்து சென்ற இடம் அவர்களுடைய தேவாலயமே. 1960ஆம் ஆண்டில் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். முதற் பந்தயத்துக்கு முந்தைய நாள் பயிற்சித் திடலின் குழி ஒன்றில் கால் இடறிக் கணுக்கால் சுளுக்கியும் அவர் ஓடினார். ஊரார் எடுத்த வரவேற்பு விழா, வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒன்றாகக் கூடிய முதல் நிகழ்ச்சியாக அந்நகர வரலாற்றில் இடம்பெற்றது.

அவருடைய கதையில் நம்பிக்கையின் மூன்றாம் பணி விளங்குகிறது. அது மனிதரை ஒன்று சேர்க்கிறது. பேருந்துப் பயணமும், நான்கு வேளைப் பிடித்துவிடுதலும், தேவாலயத்தில் காத்திருந்த கண்களும் சேர்ந்துதான் அந்தக் காலை நடக்கச் செய்தன. ‘தெய்வம் குணமாக்கிற்று’ என்று அக்குடும்பம் சொன்னபோது, அச்சொல்லுக்குள் இத்தனை உழைப்பும் அடங்கியிருந்தது.

ஆனால், குணமடைந்தோர் கதைகளை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. எப்பிடோரஸ் பலகைகளில் குணமடையாமல் திரும்பியவர்களின் பெயர்களைப் பொறிக்க எவரும் முன்வரவில்லை. அவர்களுக்கும் நம்பிக்கை இருந்திருக்கும், வேண்டுதலும் இருந்திருக்கும். அவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

சமய மரபுகளே இவ்வினாவை எதிர்கொண்டிருக்கின்றன. விவிலியத்தின் யோபு நூலில், துன்புற்ற யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், அவன் பாவம் செய்ததனாலேயே துன்பம் வந்தது என்று வாதிடுகிறார்கள். முடிவில் இறைவன் கடிந்துகொள்வது அந்த நண்பர்களை. யோவான் எழுதிய நற்செய்தியில், பிறவிக் குருடனைச் சுட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் அல்லர் என்று இயேசு மறுக்கிறார். ஆகவே, காயமுற்றவனைக் குற்றவாளியாக்குவதைச் சமயத்தின் முடிந்த முடிபு என்று கொள்ளலாகாது.

இன்றைய உளநூல் ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. துன்பத்தைச் சமயத்தின் துணையால் எதிர்கொள்வது பற்றி ஆராய்ந்த கென்னத் பார்கமென்ட் என்னும் அமெரிக்க அறிஞர், 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் தம் பிற ஆய்வுகளிலும் இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார். இறைவன் துணையிருக்கிறான், நானும் என் பங்கைச் செய்வேன் என்று எண்ணுவது ஒரு வழி. இறைவன் என்னைத் தண்டித்தான், கைவிட்டான் என்று எண்ணி உழல்வது மற்றொரு வழி. முன்னது பெரும்பாலும் மனத்துக்கு நலம் தருவதோடு இணைந்தும், பின்னது மனத்துயரோடு இணைந்தும் காணப்படுகின்றன. அறிஞர் கண்ட அந்த இரு வழிகளுமே எப்பிடோரஸ் கற்பலகைகளில் முன்பே அருகருகே நிற்கின்றன. ஹகெஸ்ட்ராட்டஸ் ஒரு வழி. கெப்பிசியாஸ் மற்றொரு வழி.

குணம் என்பது பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும் அன்று என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு வில்வித்தைப் போட்டியை நடத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அதில் கலந்துகொண்டனர். அதிலிருந்து வளர்ந்ததே பாராலிம்பிக் போட்டி. நம் நாட்டு இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக விளங்கிய முரளிகாந்த் பேட்கர், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சிகிச்சைக்காகத் தொடங்கிய நீச்சலில் தேர்ந்து, 1972ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. அவர் குத்துச்சண்டைக் களத்துக்குத் திரும்பவில்லை. ஆயினும் அவர் மீளவில்லை என்று யார் கூறுவார்?

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்குச் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஆங்கில அறிக்கைகளில் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைத் தமிழில் ‘குணமடைதல்’ என்றும் சொல்லலாம். ‘மீளுதல்’ என்றும் சொல்லலாம். முன்னது உடம்பைப் பற்றியது. அது மருத்துவத்தையும் காலத்தையும் பொறுத்தது. பின்னது மனிதனைப் பற்றியது. உடம்பு முழுவதும் குணமடைந்த பின்பும் மீளாதவர்கள் உண்டு. உடம்பு குணமடையாமலேயே மீண்டவர்களும் உண்டு. நம்பிக்கை உரிமை கொண்டாடத்தக்க இடம் இரண்டாவது சொல்லில் இருக்கிறது. முதற்சொல்லின் இடத்தை அது பிடிக்க முயன்று, கட்டை அவிழ், மருந்தை விடு என்று சொல்லுமானால், கேலன் பொறுத்திருந்த அந்த 40 நாட்களை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சில நாட்கள் கழித்து நாம் அந்த இளைஞனைப் பார்க்கச் சென்றோம். அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. தாயார் பழனிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார். அதன் பக்கத்திலேயே, எந்த நாளில் எந்தப் பயிற்சி என்று நாம் தமிழில் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. இரண்டையும் அவர் ஒரே மாடத்தில் வைத்திருந்தார். இளைஞனிடம் அனுமனுடைய பெயரின் பொருளைச் சொன்னோம். “அப்படியானால் அது அடிபட்டதால் வந்த பெயரா?” என்று அவன் வியந்து கேட்டான். “ஆம், அடிபட்டதால் வந்த பெயர்தான், பிழை செய்ததால் வந்த பெயர் அன்று” என்றோம். அவன் மீண்டும் களம் புகுவானா என்பதை அன்றும் எம்மால் சொல்ல இயலவில்லை. ஆனால் அன்று அவன் தலை குனியவில்லை. தாளில் எழுதியிருந்தபடி, காலை மெல்ல நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.